கிண்டில் வாங்குவதா, காகிதத்தோடே காலம் தள்ளுவதா?

ஜூலை 6, 2025

தமிழ் மட்டுமே வாசிக்கிற ஆளுக்கு கிண்டில் என்கிற மின்னூல் வாசிப்புக் கருவி தண்டச் செலவு. இதுதான் என் கட்சி. யாராவது வந்து உடைத்துப் போடுங்கள், நானும் ஒரு முடிவுக்கு வருகிறேன்.

விவரம் இது. வீடு கொருக்குப்பேட்டை, வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். மின்சார ரயிலில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. எண்ணூரிலோ அத்திப்பட்டிலோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட நிறுத்திவிட்டால் கூடுதலாக ஒரு அத்தியாயம். நான் வாசிப்பது ரயிலில்தான், வீட்டில் இல்லை. வீட்டில் பரண் நிறைந்து, பீரோவின் தலை நிறைந்து, இப்போது கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். புதிதாக ஒரு புத்தகம் கொண்டுபோனால் மனைவி தலைப்பைப் பார்ப்பதில்லை, தடிமனைப் பார்க்கிறாள்.

சீட்டுப் பணம் வந்திருக்கிறது. கிண்டிலில் பேப்பர்வொயிட் என்கிற மாடல் புதிதாக 17,000 ரூபாய் பக்கம் போகிறது. அந்தக் காசுக்கு ஜனவரியில் நந்தனம் கண்காட்சியில் 10 சதவீதக் கழிவோடு ஐம்பது புத்தகமாவது அள்ளலாம். ஐம்பதையும் எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் இந்த இழையே.

ஜூலை 6, இரவு

காகித வாசனையைப் பற்றி எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் வீட்டுப் புத்தகங்களின் வாசனை அந்துருண்டை வாசனை. ராமபாணப் பூச்சி துளைத்தது போக மிச்சம் இருப்பதைத்தான் வாசிக்கிறேன்.

ஜூலை 9

"செல்போனிலேயே படிக்கலாமே, எதற்கு இன்னொரு கருவி?" நியாயமான கேள்வி. முயன்று பார்த்தவன்தான் சொல்கிறேன், ஓடவில்லை. நல்ல கட்டம் வரும்போது சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் "நாளை ஷிப்ட் மாற்றம்" என்பார். அதைப் பார்க்கப் போனால் அக்கா மகன் காதுகுத்து அழைப்பிதழ், அப்புறம் யாரோ அனுப்பிய வீடியோ. மீஞ்சூர் வந்துவிடும், கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதோடு எங்கள் லைனில் வாசல் பக்கம் நின்று போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவது தற்கொலைக்குச் சமம். தண்டவாள ஓரம் நின்று கம்பால் கையில் ஒரு தட்டு. போன் கீழே, ரயில் மேலே. காகிதப் புத்தகத்தை இதுவரை யாரும் தட்டிப் பறித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இலக்கியத்துக்கு வடசென்னையில் இருக்கிற பாதுகாப்பு வேறு எதற்கும் இல்லை.

ஜூலை 13

இன்று ஞாயிறு. விவாதத்தை நிறுத்திவிட்டு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளத்துக்குப் போனேன். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த பழைய புத்தக வியாபாரத்தின் மிச்சம் போய் ஒதுங்கிய கட்டடம். இப்போது பெரும்பாலும் என்ஜினீயரிங் நோட்ஸும் போட்டித் தேர்வு கைடுகளும்தான். அடியில் தோண்டினால் மட்டும் நம் சரக்கு.

தோண்டியதில் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய பழைய சிறு நூல் ஒன்று கிடைத்தது. கல்நார் நிறத்தில் அட்டை, முதுகில் துணி ஒட்டி யாரோ தைத்திருக்கிறார்கள். உள்ளே முதல் பக்கத்தில் ஊதா மையில் "பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு, 1972". பரிசு வாங்கியவரின் பெயரை யாரோ பிளேடால் நறுக்காகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அவரே விற்றாரா, அவர் வீட்டுக்காரர்கள் விற்றார்களா தெரியவில்லை.

"எவ்ளோண்ணே?"

"நூத்தம்பது குடு."

"பாதி பக்கம் உதிருதுண்ணே."

"உதிர்ந்தா இன்னா, எழுத்து எங்கயும் போவல இல்ல? நீ உட்டுட்டுப் போனா அடுத்த வாரம் இருக்காது தம்பி, பாத்துக்கோ."

எண்பதுக்குப் படிந்தது. இந்தப் புத்தகம் எந்த மின்னூல் கடையிலும் இல்லை. இருக்கப் போவதும் இல்லை.

என் கட்சிக்கு ஒரு ஓட்டு.

ஜூலை 15

நூலகம் என்று ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். 1948 சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகையில் நம்மிடம் வாங்கிக்கொள்கிறார். அப்படிப் பார்த்தால் கிளை நூலகத்தில் இருக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் நான் ரயிலை விட்டு இறங்கும் நேரத்துக்கு ஷட்டர் இறங்கியிருக்கும்.

எழும்பூர் கன்னிமரா நூலகம் 1896-ல் திறந்தது. நாட்டில் அச்சாகிற நூல்களில் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும் என்று 1954-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். கிடைக்காத நூலை உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. எனக்குச் சிக்கல் அந்த "உட்கார்ந்து" என்பதில்தான்.

ஜூலை 20

இந்த வாரம் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். அடுத்து வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிற புத்தகங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் மின்னூலாகக் கிடைக்கிறதா என்று தேடினேன். கருவியின் விலையைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். வாங்கிய பிறகு செய்தால் வயிற்றெரிச்சல்தான்.

பட்டியல் மூன்று கூறாகப் பிரிந்தது. பழையவை பெரும்பாலும் இலவசம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தட்டச்சு செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது, சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை. நம் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் உரிமை பொதுவுக்கு வந்துவிடும். அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் ஏராளம். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் யாரும் பகிரலாம் என்று ஆசிரியரே அனுமதிக்கிற படைப்புப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வந்தவை இபப் என்கிற மின்னூல் கோப்பாகவும், ஆறங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் ஆகவும் கிடைக்கின்றன. எதற்கும் காசு கிடையாது, திருட்டும் கிடையாது.

பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் பெரிய பதிப்பகங்களில் வந்த நாவல்கள் ஓரளவு இருக்கின்றன. அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ் நூல்களுக்குக் கடை திறந்தது. அதற்குப் பிறகு எழுத ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர் நேராக அங்கேயே போட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது கூறுதான் எனக்கு அதிகம். சிறு பதிப்பகக் கவிதை, மொழிபெயர்ப்பு, வட்டார வரலாறு, சிற்றிதழ்த் தொகுப்பு. தேடினால் "இதைத் தேடினீர்களா?" என்று ஜோதிடமும் சமையலும் காட்டுகிறது. என் தாளில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

ஜூலை 21

"மூன்றாவது ரகம் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேனாகக் கிடைக்குமே" என்றவருக்கு: கிடைக்கும், தங்கமான இடம். ஆனால் அவை பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். ஆறங்குலத் திரையில் ஒரு பக்கம் முழுதாகத் தெரிந்தால் எழுத்து எறும்பளவு. பெரிதாக்கினால் வரியின் வால் வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி தட்டச்சான நூலுக்கு மட்டும்தான். ஸ்கேன்தான் உங்கள் தீனி என்றால் பத்தங்குல டேப்லெட் பாருங்கள், இந்தக் கருவி வேண்டாம்.

ஆகஸ்ட் 3

கம்பெனியில் குவாலிட்டி பிரிவு அண்ணன் ஒருவர் தன் கிண்டிலை இரவல் கொடுத்தார். 2019-ல் வந்த அடிப்படை மாடல், விளக்கு உள்ளது. அங்குலத்துக்கு 167 புள்ளிதான், இப்போது வருபவை 300. "ஞ"வின் சுழியிலும் "ணை"யின் கொம்பிலும் லேசாகப் பிசிறு தெரிகிறது. அரை மணி நேரத்தில் மறந்துவிடுகிறது.

முதலில் ரயில். காலை நேரம் திருவொற்றியூரைத் தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காது. ஒரு கை மேலே வளையத்தில், தோளில் டிபன் பை. மிஞ்சிய ஒரு கையில் நானூறு பக்க நாவலை விரித்துப் பிடிப்பது வித்தை. கட்டை விரலை நடுவில் செருகி, சுண்டு விரலால் பக்கம் தள்ளி, பொன்னேரி வரும்போது மணிக்கட்டு வலிக்கும். இது 200 கிராம்கூட இல்லை. கட்டை விரல் ஓரத்தைத் தொட்டால் அடுத்த பக்கம். இதில் காகிதத்துக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜன்னல் வழியாக வெயில் நேராக அடித்தபோதும் எழுத்து மங்கவில்லை. காரணம் எளிது. திரைக்குள் மயிரிழை அளவுக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த பிறகு அங்கேயே நிற்கும். அதனால் விளக்கின் செலவு போக, பக்கம் திருப்பும்போதுதான் பேட்டரி செலவு, சார்ஜ் வாரக்கணக்கில் தாங்குகிறது. திரை தானாக ஒளிர்வதில்லை, வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, காகிதத்தில் நடப்பதேதான். விளக்கும் ஓரத்திலிருந்து திரையின் மேல்தான் விழுகிறது, பின்னாலிருந்து கண்ணுக்குள் வருவதில்லை.

எரிச்சலும் உண்டு. சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை கறுத்து வெளுக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும், இரண்டு ஓரமும் சமமாக வர வேண்டும் என்று கருவி நடுவில் இடைவெளியை அள்ளிக் கொட்டுகிறது. வரிக்கு வரி பல் விழுந்த மாதிரி.

ஆகஸ்ட் 4

இடைவெளிக்கு வழி சொன்னவருக்கு நன்றி. எழுத்து அமைப்பில் போய் இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தால் போதும், பல் முளைத்துவிட்டது. எல்லா நூலிலும் அந்தத் தேர்வு வேலை செய்யவில்லை. செய்கிறவற்றில் நிம்மதி.

ஆகஸ்ட் 10

நைனாவிடம் கொடுத்துப் பார்த்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றது காத்திருக்கிறது. தினத்தந்தி தலைப்புகளோடு வாசிப்பை நிறுத்தி நாளாகிறது. எழுத்தை நன்றாகப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"இன்னாடா இது, சிலேட்டு கணக்கா கீது?"

"எழுத்து தெரியுதா நைனா?"

"எழுத்து சோக்கா தெரியுது. எத்தினியாவது பக்கம்னுதான் தெரியல."

கீழே "18%" என்று இருப்பதைக் காட்டினேன். பதினெட்டு சதம் என்றால் எவ்வளவு தடிமன் முடிந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சாப்பிடக் கூப்பிடும்வரை கீழே வைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கை ஜூலையில் நான் போடவே இல்லை. பெரிய எழுத்தில் தமிழ் நூல் அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் பக்திப் புத்தகக்காரர்கள்தான். கந்த சஷ்டி கவசம் எவ்வளவு பெரிய எழுத்திலும் கிடைக்கும். சிறுகதை கிடைக்காது.

ஆகஸ்ட் 17

சரி, காகிதக் கட்சிக்கும் நேரம் கொடுப்போம். காசு கொடுத்து வாங்கிய மின்னூல் நம்முடையதா? இல்லை. நமக்குக் கிடைப்பது வாசிக்கும் உரிமம். 2009-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆர்வெல்லின் "1984"ஐ வாங்கியவர்களின் கருவிகளுக்குள் புகுந்து அமேசான் அதை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் மன்னிப்பும் கேட்டார்கள். எல்லாப் புத்தகத்தையும் விட்டு அந்தப் புத்தகத்தில் போய்க் கை வைத்தார்கள் பாருங்கள்.

2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலை நம் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நாமே வெளியிலிருந்து கொண்டுவரும் கோப்பைக் கேபிள் போட்டு ஏற்றலாம், இபப் கோப்பை மின்னஞ்சலிலும் அனுப்பலாம். அதில் மாற்றமில்லை. அதனால் என் யோசனை: கருவியில் இலவசத்தையும் பொதுவுரிமை நூலையும் நிரப்புங்கள், காசு கொடுத்து வாங்குவதைக் காகிதத்தில் வாங்குங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

இதைவிடப் பெரிய குறை இரவல். எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் வந்தால் அதன் பயணமே வேறு. நான் முடித்ததும் மனைவி, பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் அக்கா, அக்காவிடமிருந்து மாடி வீட்டு டீச்சர், டீச்சரிடமிருந்து அவர் தம்பி. முந்நூற்றைம்பது ரூபாயை ஐந்து பேர் வாசித்துவிடுகிறோம். கருவியில் இருக்கிற நூலைக் கொடுக்க வேண்டுமானால் கருவியையே கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ரயிலில் என்ன செய்வேன், அத்திப்பட்டு சாம்பல் குளத்தையா பார்த்துக்கொண்டிருப்பேன்?

ஆகஸ்ட் 18

"இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருகிறதா?" வருகிறது. போன வாரம் ஒன்று வந்தது. உள்ளே டீச்சரின் தம்பி தன் பெயரை எழுதி, கீழே தேதியும் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 7

வெள்ளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. நம் பக்கத்து ஆட்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

2023 டிசம்பர், மிக்ஜாம். ராத்திரியில் தண்ணீர் வாசல்படி ஏறியது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், நைனாவின் மாத்திரை, குழந்தை. இந்த வரிசையில் தூக்கினோம். புத்தகம் வரிசையிலேயே இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை மூன்றாம் நாள்தான் திறந்தேன்.

சாதாரணத் தாளில் அச்சான நூல்கள் ஊதி, அலையலையாக நெளிந்து, எப்படியோ பிழைத்தன. நிற்க வைத்துப் பக்கங்களை விசிறிபோல் விரித்து, ஃபேன் காற்றில் காயவிட்டு, நடுநடுவே பழைய செய்தித்தாள் செருகினால் வாசிக்கிற நிலைக்கு வந்துவிடும். வெயிலில் நேராகப் போட்டால் அட்டை வளைந்துவிடுகிறது. வழவழப்பான ஆர்ட் தாளில் படத்தோடு வந்த நூல்கள்தான் மீளவே இல்லை. அந்தத் தாளின் பூச்சு தண்ணீரில் கரைந்து, காயும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்கிறது. கோயில் சிற்பங்கள் பற்றிய ஒரு நூல் செங்கல்லாகவே ஆகிவிட்டது. பிரிக்கப் பார்த்தால் சிற்பம் ஒரு பக்கத்திலும் அதன் முகம் எதிர்ப் பக்கத்திலுமாக வந்தது. பழைய பேப்பர்காரர் ஈரப் புத்தகத்துக்கு எடையில் கழித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கருவி நனைந்தாலும் போனதுதான் என்பீர்கள். பேப்பர்வொயிட்டுக்கு ஐபிஎக்ஸ்8 பாதுகாப்பு உண்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். எங்கள் தெருவில் வந்தது நல்ல தண்ணீர் இல்லை. ஆனால் கருவி போனாலும் நூல் போகாது, வாங்கியதும் மின்னஞ்சலில் அனுப்பியதும் கணக்கில் இருக்கும், இன்னொன்றில் இறக்கிக்கொள்ளலாம். அதோடு கருவி சட்டைப் பைக்குள் அடங்காவிட்டாலும் மாத்திரைப் பைக்குள் அடங்கும்.

ஆகஸ்ட் 17 குறிப்பில் வெறும் உரிமம், நம்முடையது இல்லை என்றெல்லாம் ஆவேசமாக இருந்தேன். சொந்தமாக இருந்தவை எடைக்குப் போனதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 5

வாங்கிவிட்டேன். புதியது இல்லை. இரவல் கொடுத்த அதே அண்ணனிடம், அதே கருவி. அவர் புதிதுக்கு மாறுகிறார், எனக்கு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. மிச்சப் பணம் ஜனவரிக்கு.

பழையது வாங்குகிறவர்கள், பர்மா பஜாரோ ரிச்சி தெருவோ தெரிந்தவரோ, யாரிடம் வாங்கினாலும் இதைப் பாருங்கள். விற்பவர் தன் கணக்கிலிருந்து கருவியை நம் கண் முன்னால் நீக்க வேண்டும். நீக்காத கருவி திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம், நம் கணக்கில் ஏறாமல் போகவும் செய்யலாம். அடுத்தது திரை. முழுக் கறுப்புப் படம் ஒன்றும் வெள்ளைப் பக்கம் ஒன்றும் திறந்து கோடு விழுகிறதா பாருங்கள். கோடு விழுந்த திரையை மாற்றும் செலவுக்கு இன்னொரு கருவியே வாங்கிவிடலாம். விளக்கை முழுதாக ஏற்றி ஓரங்களையும் பாருங்கள். பேட்டரி மங்கியிருந்தால் பரவாயில்லை, தினமும் போட்டாலும் போன் அளவுக்குத் தொல்லை இல்லை.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. எங்கள் வீட்டில் படுக்கிற இடம் ஒன்றுதான். பத்து மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும், குழந்தைக்குப் பள்ளி. முன்பெல்லாம் அதோடு என் நாள் முடிந்தது. இப்போது கொசுவலைக்குள் விளக்கைக் குறைத்து வைத்து ஒரு மணி நேரம் படிக்கிறேன், பக்கத்தில் யாருக்கும் தெரிவதில்லை. இந்த இழையில் பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் தனியறைக்காரர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 2

"அப்படியானால் உங்கள் கட்சி தோற்றது என்று அறிவிக்கலாமா?" அவசரப்படாதீர்கள். ஜூலை 20 தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் காகிதத்தில்தான் வாங்கியாக வேண்டும், கருவி வந்ததால் அது மாறிவிடவில்லை. மாறியது வேறு. முன்பு ரயிலுக்காகவே வாங்கி, ஒருமுறை படித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிய தடித்த நாவல்கள் இனி வீட்டுக்குள் வராது. அந்த இடத்துக்குக் கவிதையும் வட்டார வரலாறும் வரும். மெலிந்த புத்தகங்கள், மனைவியும் ஒன்றும் சொல்வதில்லை. அக்காவின் வட்டத்துக்குப் போகிற நாவல் மட்டும் விதிவிலக்கு. அதைக் காகிதத்தில் வாங்காவிட்டால் டீச்சரின் தம்பி கோபித்துக்கொள்வார்.

இன்னொன்று, நைனாவோடு பங்கு பிரிப்பதுதான் இப்போது பிரச்சினை. நான் ரயிலுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினால் "எம்பத்தி ரெண்டுல நிக்குதுடா" என்கிறார். சதவீதம் பழகிவிட்டது. இன்னொரு பழைய கருவி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கோடு விழாததாக.

நவம்பர் 9

உறை வாங்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: வாங்குங்கள், கடினமான மூடி உள்ளதாக. உள்ளே இருப்பது கண்ணாடித் தகடு, கூட்டத்தில் பை நசுங்கினால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடையும். விலை உயர்ந்தது தேவையில்லை. நான் இருநூற்றுச் சொச்சத்துக்கு வாங்கியதே போதுமானதாக இருக்கிறது. மழைக்கு அதன் மேல் ஒரு ஜிப் கவர். டிபன் பாக்ஸ் இருக்கிற அறையில் மட்டும் வைக்காதீர்கள், ரசம் ஐபிஎக்ஸ்8 பார்க்காது.